நல்ல வேளையும் நாய் வேளையும்

“நல்ல வேளை!” என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லுகிறோம் என்று யாராவது கணக்கெடுத்ததுண்டா? பஸ் புறப்படுவதற்கு முன் போய்ச் சேர்ந்தால் நல்ல வேளை. விருந்தாளி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் இன்னும் நல்ல வேளை. ஆனால் அதே பெயரில் ஒரு செடி நம் வேலி ஓரத்தில் நிற்கிறது என்பதும், அதற்கு அடுத்தாற்போலவே, அதே ஜாடையில், ‘நாய் வேளை’ என்று ஒன்று நிற்கிறது என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்களிலும் இது இன்னது, அது இன்னது என்று பிரித்துக் காட்டக் கூடியவர்கள் எத்தனை பேர்?

கோபிசெட்டிபாளையம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது பச்சை வயல். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்று இரண்டு வாய்க்கால்கள் பவானித் தண்ணீரைக் கொண்டுவந்து பாய்ச்சுகின்றன. சினிமாப் படம் பிடிக்கிறவர்களுக்கு அந்தப் பச்சையின்மேல் ஒரு தீராத மோகம். ஆனால் வாய்க்காலை விட்டுக் கொஞ்ச தூரம் மேடேறினால் ஊரின் மறு முகம் தெரியும். அங்கே புஞ்சை நிலத்துக்குக் ‘காடு’ என்று பெயர். “அப்பா எங்கே?” என்று கேட்டு, “காட்டுக்குப் போயிருக்காருங்க” என்று பதில் வந்தால் வெளியூர் நண்பர்கள் புலியை நினைத்து நடுங்க வேண்டாம். அவர் நிலக்கடலைக்குக் களை எடுக்க ஆள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், அவ்வளவுதான். ஐப்பசி மழை இரண்டு தடவை பெய்து ஓய்ந்தால், அந்தக் காடுகளிலும் வேலி ஓரங்களிலும் குப்பை மேடுகளிலும் நாம் சொல்ல வந்த செடிகள் முளைத்து எழும்பும். காட்டுக் கடுகு, நாய்க்கடுகு, நல்வேளை, தைவேளை, நாய்வேளை என்று ஆளுக்கொரு பெயர் சொல்லுவார்கள். தைவேளை என்ற பெயரைச் சிலர் இதற்கும் சிலர் அதற்கும் வைத்து வழங்குவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

கடுகு என்ற பட்டம் இவற்றுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம். விதை சிறியது, கறுத்தது, உருண்டது. அது ஒரு காரணம். முக்கியமான காரணம் காரம். கடுகை முழுசாக உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பாருங்கள். ஒரு வாசனையும் இராது. அம்மியில் வைத்து நசுக்கினால்தான் மூக்கைப் பிய்த்துக்கொண்டு போகும். கந்தகம் சேர்ந்த ஒரு சத்து விதைக்குள் ஒரு மூலையிலும், அதை உடைக்கிற நொதிப் பொருள் வேறொரு மூலையிலும் தனித்தனியே இருக்கின்றன. நசுங்கும்போது இரண்டும் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பில் பிறப்பதே காரம். இதே ஏற்பாடு வேளைச் செடிகளிலும் இருக்கிறது. இலையைக் கசக்கினால் அதே உறைப்பு விரலில் ஏறும். கசக்கிப் பார்த்த கிராமத்து ஜனங்கள் ‘கடுகு’ என்றார்கள்.

தாவர சாஸ்திரிகள் என்ன செய்தார்கள்? லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட தம்முடைய புகழ்பெற்ற புத்தகத்தில் நல்வேளைக்கும் நாய்வேளைக்கும் ‘கிளியோம்’ என்ற ஒரே ஜாதிப் பெயரைச் சூட்டினார். பின்னால் வந்தவர்கள் அந்த ஜாதியைக் கொண்டுபோய் ஆதொண்டைக் கொடியின் குடும்பத்தில் சேர்த்தார்கள். 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த காம்பிள் துரையின் சென்னை மாகாணத் தாவர நூலிலும் அந்த ஏற்பாடே காணப்படுகிறது. 2002-ல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியாயிற்று. வேளை ஆதொண்டையைக் காட்டிலும் கடுகுக்குத்தான் நெருங்கிய சொந்தம்! இப்போது வேளைக்குத் தனிக் குடும்பம் கொடுத்து, கடுகுக் குடும்பத்துக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி சொன்னால், இரண்டும் பங்காளிகள். படித்தவர்களுக்கு இரு நூறு வருஷத்துக்கு மேல் பிடித்த சங்கதியைக் களை எடுக்கிறவர்கள் இரண்டு விரலால் கண்டுபிடித்திருந்தார்கள்.

சென்ற கார்த்திகையில் நம்முடைய எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், ஆளுக்கு ஐந்து களைச் செடிகளைப் பறித்து உலர்த்தித் தாளில் ஒட்டிப் பெயர் எழுதி வரும்படி சொல்லியிருந்தோம். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் வேளை இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். பூவோ சிலவற்றில் வெள்ளை, சிலவற்றில் மஞ்சள். கேட்டால், கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினோம், அது சொல்லிற்று என்றார்கள். நாமும் ஒரு செடியை மூன்று கோணங்களில் பிடித்துக் காட்டினோம். மூன்று பெயர் சொல்லிற்று. அதில் ஒன்று சரி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கருவியைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல. பாவம், அதற்குக் கண் உண்டு, மூக்கும் விரலும் இல்லை.

ஆகவே மறு சனிக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேட்டுக்குப் போனோம். நிலக்கடலைக் காட்டில் ஏழெட்டுப் பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். இளம் வயதினர் திருப்பூர் பனியன் கம்பெனி வண்டியில் விடியற்காலையிலேயே ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்களில் மூத்தவரான ஓர் ஆத்தாவிடம் நம் கையிலிருந்த இரண்டு செடிகளையும் காட்டி, “ஆத்தா, இதில் எது நல்வேளை?” என்று கேட்டோம். இரண்டும் பூக்காத இளஞ்செடிகள். வேண்டுமென்றேதான் அப்படித் தேர்ந்தெடுத்திருந்தோம்.

ஆத்தா செடியைப் பார்க்கவே இல்லை. தண்டை இரண்டு விரலால் ஒரு தடவை உருவிவிட்டு, ஒன்றை மடியில் போட்டுக்கொண்டார். மற்றதை வரப்பில் எறிந்தார்.

“ஏனுங் வாத்தியாருங்களே, இதுக்குப் போயிப் படிப்பு வேணுமுங்களா? நாய்வேளை கையோட ஒட்டிக்கிட்டு வருமுங்க. ஆட்டுக்குட்டி கூட மோந்து பாத்துட்டு அப்பால போயிரும். நல்லது ஒட்டாதுங்க. ஒட்டுனாலும் லேசாத்தான்.”

எத்தனை பக்கங்களில் எழுத வேண்டியதை எத்தனை சுருக்கமாகச் சொல்லிவிட்டார்! நாய்வேளையின் உடம்பு முழுவதும் பிசின் சுரக்கிற மெல்லிய ரோமங்கள். தொட்டால் கை பிசுபிசுக்கும். சிறு பூச்சிகள் ஒட்டிக்கொண்டு தவிப்பதையும் பார்க்கலாம். லின்னேயஸ் அதற்கு வைத்த லத்தீன் பெயருக்கும் ‘ஒட்டுவது’ என்றுதான் பொருள். நல்வேளையிலும் ரோமம் உண்டு. இந்த அளவு பிசின் இல்லை. வாசனையிலும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டுமே சந்தன வாசனை வீசுவதில்லை என்றாலும், நாய்வேளையின் நெடி தூரத்திலேயே தெரியும்.

இலையை மட்டும் நம்புவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இரண்டுக்கும் கைவிரல் போலப் பிரிந்த கூட்டிலைதான். நல்வேளைக்குப் பெரும்பாலும் ஐந்து விரல், காம்பும் நீளம். நாய்வேளைக்கு அடியில் ஐந்து, உச்சிக்குப் போகப் போக மூன்று. ஆனால் விதிவிலக்கு இரண்டிலும் ஏராளம். கீரை பறிப்பதோ பூ வருவதற்கு முன்னால், கொழுந்தாக இருக்கும்போது. நமக்கு அடையாளம் அவசியமாக வேண்டியிருக்கிற வேளையில், புத்தகம் சொல்லுகிற அடையாளம் செடியில் இன்னும் பிறக்கவே இல்லை! விரலையும் மூக்கையும் தவிர வேறு கதியில்லாதது அதனால்தான்.

பூத்துவிட்டால் பிறகு யாருக்கும் சந்தேகம் வேண்டாம். நல்வேளையின் பூ வெள்ளை. சில சமயம் இலேசான ஊதாச் சாயல் படிந்திருக்கும். நான்கு இதழ்கள் பூவின் ஒரே பக்கமாக நிமிர்ந்து நிற்கும். நடுவிலிருந்து ஒரு மெல்லிய காம்பு வெளியே நீண்டு, அதன் பாதி வழியில் ஆறு கேசரங்கள் பிரிந்து நிற்கும். அவற்றையும் தாண்டி, காம்பின் நுனியில் சூலகம். சிலந்தி கால்களை விரித்தாற்போல ஒரு தோற்றம். நாய்வேளையின் பூ மஞ்சள். அதில் அந்தக் காம்பு கிடையாது. கேசரங்கள் ஆறல்ல, பத்துக்கு மேல், சமயத்தில் இருபதுகூட. காயும் அப்படியே: நல்வேளைக் காய் தனிக் காம்பில் வெளியே தள்ளி நிற்கும்; நாய்வேளைக் காய் காம்பின்றி நட்டுவைத்த குச்சி போல் நிமிர்ந்து, நீளவாக்கில் வரியோடி, அதுவும் கையில் ஒட்டும். பிள்ளைகள் கேசரங்களை எண்ணுவதில் போட்டி போட்டார்கள். நிஜக் கடுகையும் ஒரு செடி கொண்டுபோயிருந்தோம், வீட்டுக் கொல்லையில் சிந்திய விதையிலிருந்து முளைத்தது. அதன் பூவில் ஆறு கேசரங்கள், நான்கு நெட்டை, இரண்டு குட்டை. இலை விரல் விரித்ததல்ல. காயைப் பிளந்தால் நடுவில் மெல்லிய திரை ஒன்று நிற்கும். வேளைக் காயில் சட்டம் மாத்திரம் இருக்கும், திரை இராது. பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்டபோது திரை கடுகின் பங்குக்குப் போயிற்று போலும்!

வாய்க்கால் கரை ஈரத்தில் ஊதா நிறத்தில் சின்னஞ்சிறு பூவோடு வேறொரு வேளையும் அகப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து தென்னிந்தியாவில் பரவி வருகிற செடி. ஆத்தாவிடம் காட்டியதற்கு, “இது நம்ம ஊருது இல்லீங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் மடியில் போட்டுக்கொண்ட கீரையைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டார்கள். அதை வேகவைத்து, கசப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, தயிரோ மோரோ விட்டுக் கடைய வேண்டுமாம். ஆசைக்குத் தின்கிறீர்களா என்று ஒரு பெண் கேட்டாள். “இப்ப ஆசைக்குத்தான் கண்ணு. எங்கம்மா காலத்துல பஞ்சம். ஆறு பேரு நாங்க. ராத்திரி ஆனா இதுதான்” என்று சொல்லிவிட்டு ஆத்தா மறுபடியும் குனிந்து களை எடுக்கத் தொடங்கினார். பிள்ளைகள் சற்று நேரம் பேசவில்லை.

நமக்குச் சிறுபாணாற்றுப்படை ஞாபகம் வந்தது. அதிலே ஒரு பாணன் வீட்டு வறுமை சொல்லப்படுகிறது. பசியால் மெலிந்த மனைவி குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி வருகிறாள். போட உப்பில்லை, அப்படியே வேகவைக்கிறாள். அறியாதவர்கள் கண்ணில் பட்டால் கேவலம் என்று கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். அந்தக் கதவைச் சாத்துகிற இடத்தைப் படித்து மனம் கலங்காதவர்கள் இருக்க முடியாது. புறநானூற்றின் 215-ம் பாட்டிலோ வேறு காட்சி. கோப்பெருஞ்சோழன் தன் நண்பர் பிசிராந்தையாரின் பாண்டி நாட்டைப் பற்றிச் சொல்லுகையில், ஆயர் மகள் வேளைப் பூவைத் தயிரில் இட்டுப் புளிப்பாகச் சமைப்பதைப் பாடுகிறான். அந்தப் பூ வெள்ளைப் பூ என்று அவன் குறிப்பிட்டுவிட்டான். எந்த வேளை என்ற வழக்கு அங்கேயே தீர்ந்துபோகிறது; மஞ்சள் பூவுடைய நாய்வேளைக்கு அதில் இடமில்லை. ஓர் அரசன், நிறத்தைச் சொல்லிச் செடியை அடையாளம் காட்டிவிட்டுப் போயிருக்கிறான்!

தயிர் எதற்காக என்பதற்கு ஒரு சாட்சியம் கடல் கடந்தும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்தில் இதே நல்வேளையைத் தோட்டத்தில் பயிரிட்டு, கட்டுக்கட்டாகச் சந்தையில் விற்கிறார்கள். அங்கேயும் அதைப் பால் விட்டுத்தான் சமைக்கிறார்கள். கசப்பு தணிகிறது என்பதே அவர்கள் சொல்லும் காரணமும். பாண்டி நாட்டு ஆயர் மகளும் கென்யா நாட்டு மாடு மேய்ப்பவர் வீட்டுப் பெண்ணும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே பக்குவத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாம் அந்தச் செடிக்குக் களைக்கொல்லி தெளிக்கிறோம்.

சரி, நாய்வேளை வெறும் நாய்தானா? நம் முன்னோர்கள் மட்டமானது என்று நினைத்ததற்கெல்லாம் நாயையும் பேயையும் முன்னால் சேர்த்துவிடுவது வழக்கம்: நாய்த்துளசி, பேய்ப்புடல், பேய்ச்சுரை. ஆனால் இமயமலைச் சாரலில், கடுவால் பிரதேசத்தில் போய் அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அங்கே இந்த நாய்க்கடுகுக்கு ‘ஜக்கியா’ என்று பெயர். உருளைக்கிழங்குக்கு அதைப் போட்டுத் தாளிக்காவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. பல்லில் அகப்படும்போது மொறுமொறுப்பாக இருக்கிறது என்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் கடுகைவிடச் சிறியது. நத்தை சுருண்டாற்போல ஒரு பக்கம் பிளவு, முதுகில் குறுக்கு வரிகள். எங்கள் காட்டில் களை என்று வரப்பில் எறிவது, கடுவாலில் பொட்டலம் கட்டிக் காசாகிறது.

இலை விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை எச்சரிக்கை. காது வலிக்கு வேளைச் சாறு பிழிகிற வழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் உண்டு. நாய்வேளை இலையை அரைத்துத் தோலில் வைத்தாலே சிவந்து கொப்புளிக்கும். அந்தக் காரத்தைக் குழந்தையின் காதுக்குள், செவிப்பறை ஓட்டையாக இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் விடலாமா? வைத்தியரிடம் காட்டிவிட்டு மற்றதைப் பேசலாம்.

இன்னோர் ஆச்சரியத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. இத்தனை ஒற்றுமையுள்ள இந்த இரண்டு செடிகளும் வெயிலில் உணவு தயாரிக்கிற முறையில் வெவ்வேறு. நாய்வேளை நெல்லைப் போல. நல்வேளையோ சோளத்தையும் மக்காச்சோளத்தையும் போலக் கரியமில வாயுவை இலைக்குள் ஓரிடத்தில் செறிவாகத் திரட்டி வேலை செய்கிறது. கடும் வெயிலிலும் வறட்சியிலும் அது தழைப்பதற்கு இது ஒரு காரணம். இந்த வித்தையை நெல்லுக்குக் கற்பிக்க முடியுமா என்று மேல்நாட்டு ஆராய்ச்சிசாலைகளில் முயன்று வருகிறவர்கள், நல்வேளையைத் தொட்டியில் வளர்த்துப் பரிசோதிக்கிறார்கள்.

இதுவரை சொன்னவை சாதுக்கள். கடுகு வேஷத்தில் வருகிற நிஜமான துஷ்டன் வேறொருவன். பிரம்மதண்டு என்று பெயர். குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்லுவார்கள், பெயரே போதாதா? மெக்ஸிகோ தேசத்திலிருந்து வந்து நம் தரிசுகளில் குடியேறிவிட்டது. செடியில் மயங்க இடமில்லை: இலையெல்லாம் முள், வெள்ளை நரம்பு, ஒடித்தால் மஞ்சள் பால், பெரிய மஞ்சள் பூ, காயிலும் முள். ஆனால் அந்தக் காய் முற்றி உச்சியில் வெடித்தால் கொட்டுகிற விதை இருக்கிறதே, அது கடுகின் நிறம், கடுகின் அளவு. வட நாட்டில் கடுகு வயலிலேயே இது களையாக முளைத்துக் கடுகோடு சேர்ந்து களத்துக்கு வருகிறது. சில வியாபாரிகள் தெரிந்தே கலப்பதும் உண்டு. அதன் எண்ணெயிலுள்ள விஷம் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது. கால் வீங்குகிறது, மூச்சுத் திணறுகிறது, இருதயம் சோர்கிறது, சிலருக்குக் கண் பார்வையும் கெடுகிறது. 1877-ல் கல்கத்தாவில் இந்த வீக்க நோய் கொள்ளை நோயைப்போல் பரவியபோது காரணம் தெரியாமல் தவித்தார்கள். காரணம் நன்றாகத் தெரிந்த பிறகும், 1998 ஆகஸ்டு மாதத்தில் டில்லியில் கலப்படக் கடுகு எண்ணெயால் ஆயிரக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் பக்கத்துச் சமையல் கடலை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் நடப்பதால் அந்த அளவு அபாயம் நமக்கில்லை. என்றாலும் தாளிக்கிற கடுகைச் சோதித்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

சோதனை சுலபம். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகைக் கடுகைப் பரப்புங்கள். நல்ல கடுகு வழவழப்பாக உருண்டோடும். பிரம்மதண்டு விதை கறுத்து, சொரசொரப்பாக இருக்கும். பூதக் கண்ணாடியில் பார்த்தால் வலை பின்னியது போன்ற குழிகள் தெரியும். சந்தேகமான மணியை நகத்தால் அழுத்தி உடையுங்கள். உள்ளே மஞ்சளாக இருந்தால் கடுகு. வெள்ளையாக இருந்தால் பிரம்மதண்டு.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அஞ்சறைப் பெட்டியிலிருந்த கடுகைத் தாளில் கொட்டி, ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தோம். நூறு வரையில் எண்ணியதில் எல்லாம் மஞ்சள். நூற்றொன்றாவதை நகத்தடியில் வைக்கும்போது அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ரசம் கொதிச்சு இறக்கியாச்சு. தாளிக்க நாலு கடுகாச்சும் மிச்சம் வெச்சிருக்கியா, கண்ணு?”